திண்டின் உயரம்

"இந்தக் கை சரியானதும் முதல்ல என்ன செய்யணும்னு ஆசைப்படுறீங்க?"

சிகிச்சைக் கூடத்துக்கு வருகிற எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான் இது. படிவத்தில் அதற்கென்றே ஒரு கட்டம் இருக்கிறது. தலை வார வேண்டும் என்பார்கள். பேரனைத் தூக்க வேண்டும் என்பார்கள். சட்டைப் பொத்தானைத் தானே போட வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்துப் பாதியில் அழுதுவிடுகிற பெரிய மனிதர்களும் உண்டு. கத்தரியக்கா அழவில்லை. அவளுக்குப் பக்கவாதம் வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. பேச்சு அப்போதுதான் திரும்பிக்கொண்டிருந்தது; நாக்கு பாதி வார்த்தையில் படுத்துக்கொள்ளும். இருந்தும் இந்தப் பதிலை மட்டும் திக்காமல் திணறாமல் சொன்னாள்.

"என் கொழுந்தன ஓங்கி ஒரு அறை அறையணும்."

பேனா நின்றது. எழுதிக்கொண்டிருந்தவள் முப்பது வயதுகூட ஆகாத பிசியோதெரபிஸ்ட். அங்கே வருகிறவர்கள் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். தூக்குங்க, மடக்குங்க, நீட்டுங்க என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருப்பதால் வந்த பெயர். அவள் சிரிக்கவில்லை, புத்திமதியும் சொல்லவில்லை. கணினியில் தேடிப் பார்த்தாள். அறைவதற்கு அதில் கட்டம் இல்லை. கடைசியில் 'உயரத்தில் இருக்கும் பொருளைத் தொடுதல்' என்ற வரியைத் தட்டிவிட்டு, "எவ்வளவு உயரம்க்கா?" என்று கேட்டாள்.

"ஆளு ஆறடிக்கு மேல. கன்னத்துக்கு நேரா வை."

கத்தரியக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. திரைச்சீலை தைக்கும் பட்டறை ஒன்றில் இருபது வருடமாகத் துணி வெட்டுகிறவள். முழங்கை நீளக் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தால் கோடு போடாமலே நேராக வெட்டுவாள். வாயும் அதே லட்சணம்தான், எதிரே யார் நின்றாலும் நேராக வெட்டும். பட்டறை அவள் வீட்டுக்காரருக்கும் அவர் தம்பிக்கும் பொது. அண்ணன் குள்ளம், தம்பி நெட்டை. சேர்ந்து நின்றால் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். குரல் மட்டும் இரண்டு பேருக்கும் ஒன்று. போன் செய்கிறவர்கள் "பெரியவரா, சின்னவரா?" என்று கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார்கள்.

பக்கவாதம் வந்த அன்று காலையில் கொழுந்தனோடு பெரிய சண்டை. ஒரு விடுதிக்காக வெட்டிய இருபது திரைச்சீலையும் ஒரு சாண் குறைந்துபோயின. வெட்டினது நீங்க என்றான் அவன்; அளவெடுத்தது நீ என்றாள் இவள். பேச்சு முற்றி, அளவு நாடாவைச் சுருட்டி அவன் முகத்திலேயே எறிந்தாள். அதற்குப் பிறகு அந்த நாள் அவள் தலைக்குள் கிழிசல் கிழிசலாகத்தான் கிடக்கிறது. யார் வெளியே போனார்கள், யார் பட்டறையில் இருந்தார்கள், ஒன்றும் தெரியாது. கத்தரிக்கோல் கையை விட்டு நழுவியது தெரியும். வெட்டு மேசைக்குக் கீழே கிடந்தது தெரியும். கண்ணுக்கு நேரே மேசையின் கால், அதைச் சுற்றி நூல் பிசிறு. எழுந்திருக்க முடியவில்லை, வாய் திறக்கவில்லை. அப்போது தலைக்கு மேலே ஒரு குரல் கேட்டது.

"எல்லாம் நடிப்பு. கிடக்கட்டும். கோவம் தீர்ந்தா தானா எந்திரிச்சு வரட்டும்."

அப்புறம் கதவு சாத்துகிற சத்தம்.

மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு. அதைக் கரைக்க ஓர் ஊசி இருக்கிறது; ஆனால் நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அவளை ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து இறக்கியபோது அந்த நேரம் தாண்டிவிட்டது. கால் பெரும்பாலும் தப்பியது. வாய் தாமதமாகத் திரும்பியது. வலது கை மட்டும் திரும்பவில்லை. தோளிலிருந்து தொங்கியது, அவ்வளவுதான். இருபது வருடம் சோறு போட்ட கை.

வாய் வந்ததும் வீட்டுக்காரரிடம் அவள் கேட்ட முதல் கேள்வி, "உங்க தம்பிதானே அப்படிச் சொன்னான்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நான் அளவெடுக்க விடுதிக்குப் போயிருந்தேன். நான் மட்டும் அங்க இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தம்பியைப் பற்றி அதற்கு மேல் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. என்ன பெருந்தன்மை என்று நினைத்தாள். அவருக்கும் சேர்த்துத் தானே வெறுத்துக்கொள்வது என்று முடிவு கட்டினாள்.

மனுஷர் அதற்குப் பிறகு தாங்கு தாங்கென்று தாங்கினார். பல் துலக்கிவிட்டார், நகம் வெட்டிவிட்டார், வாயோரம் வழிவதை அருவருப்பில்லாமல் துடைத்தார். தலை வாரிப் பின்னல் போட்டால் கோணலாகத்தான் வரும், ஆனாலும் தினமும் போட்டார். பார்த்தவர்கள் எல்லாம் இப்படி ஒரு வீட்டுக்காரர் யாருக்குக் கிடைக்கும் என்று வாய் ஓயாமல் சொன்னார்கள். வாரத்துக்கு ஐந்து நாள் அவளை ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிவந்து, கூடத்துக்கு வெளியே பெஞ்சில் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருப்பார். கூட வந்தவர்கள் உள்ளே வரக் கூடாது என்பது அங்கே சட்டம். பாசத்தில் நோயாளியின் கையைத் தாங்களே தூக்கிவிடுவார்கள், கேட்ட கேள்விக்கெல்லாம் தாங்களே பதில் சொல்வார்கள். அதனால் ஒரு பெரிய கண்ணாடி. அவர்கள் அந்தப் பக்கம், எந்திரம் இந்தப் பக்கம்.

எந்திரம் என்றால் தனியாக நிற்கிற ஒரு தோளும் கையும். இரும்புச் சட்டத்திலிருந்து தொங்கும். மேல்கை, முன்கை, மணிக்கட்டு மூன்று இடத்திலும் பட்டை போட்டு நோயாளியின் கையை அதோடு கட்டுவார்கள். தோளிலும் முழங்கையிலும் மோட்டார். கை எவ்வளவு முயற்சி செய்கிறது என்று பார்த்து, மிச்சத்தை அது தூக்கும். திரையில் இரண்டு கோடு ஓடும். சாம்பல் நிறம் எந்திரத்தின் பங்கு, நீலம் நோயாளியின் பங்கு. கத்தரியக்கா அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தாள். "வந்து நின்னா சுத்தி நாலு பேரு தாங்குறாங்க, துடைக்கிறாங்க, கோவம் வந்துடக் கூடாதுன்னு பயப்படுறாங்க. வேற எப்படிக் கூப்பிடுறது?"

எதிரே ஒரு கம்பத்தில் பஞ்சு அடைத்த திண்டு. தொட்டால் தெரிந்துகொள்ளும் திண்டு. கம்பத்தில் உயரம் குறித்திருக்கும், ஏற்றி இறக்கலாம். அதைக் கொழுந்தனின் கன்னத்துக்கு நேராக நிறுத்தி, இவள் விழாமலிருக்க இடுப்பில் வார் மாட்டி நிற்க வைத்தார்கள்.

முதல் நாள் நீலக் கோடு நான்கு. நூற்றுக்கு நான்கு. மீதி தொண்ணூற்றாறும் மாப்பிள்ளையின் உபயம். கை மெல்ல எழுந்து, வளைந்து, திண்டைப் போய்ச் சேர ஏழு நொடி ஆனது. 

"ஏழு நொடியா?" என்றாள் அவள். "அதுக்குள்ள அவன் டீ குடிச்சிட்டு வந்து கன்னத்தக் காட்டுவானே!"

டீச்சர் அன்றுதான் முதல் முறையாகச் சிரித்தாள்.

இரண்டாவது வாரம் கோடு ஆறு, ஏழு என்று இழுத்துக்கொண்டிருந்தது. இடையில் திருட்டு வேலையும் நடந்தது. தோளுக்குப் பதிலாக உடம்பையே முன்னால் தள்ளி, கை போகிற மாதிரி காட்டினாள். துணி வியாபாரத்தில் இருபது வருடம் இருந்தவளுக்கு இழுத்து அளந்து காட்டத் தெரியாதா? மாப்பிள்ளை கண்டுபிடித்துவிட்டான். மார்பிலும் ஒரு பட்டை ஏறியது. அப்புறம் ஒரு நாள் திடீரென்று நீலம் பதினெட்டுக்குத் தாவியது. டீச்சர் திரையைப் பார்த்தாள், அவள் முகத்தைப் பார்த்தாள்.

"இப்ப என்ன நெனச்சீங்கக்கா?"

"கதவு சாத்துன சத்தத்த."

"அப்ப அதையே நெனைங்க. கோவம் உங்களுக்கு நல்லா வேலை செய்யுது."

சொல்லியிருக்க வேண்டாம். கத்தரியக்காவுக்குக் கோபப்படச் சொல்லித்தர வேண்டுமா? காலையில் கண் விழித்ததும் அந்தக் குரலை எடுத்து வைத்துக்கொள்வாள். ஆட்டோவில் வரும்போது அதை ஊதி ஊதிப் பெரிதாக்குவாள். எந்திரத்தில் கட்டி முடிப்பதற்குள் உள்ளங்கை வியர்த்துவிடும். அந்த நெட்டையனின் கன்னத்தில் தன் ஐந்து விரலும் பதிந்து சிவப்பதை அவள் அவ்வளவு விவரமாகப் பார்த்திருந்தாள். வெட்கமே இல்லை அவளுக்கு. உயிரோடு இருப்பதற்கு அதுதான் காரணம் என்றுகூட ஒரு நாள் டீச்சரிடம் சொன்னாள். பெரிய டாக்டர் சுற்றி வந்தபோது, இந்த அம்மாவுக்கு மட்டும் எப்படி இவ்வளவு வேகமாக முன்னேற்றம் என்று வியந்தார். "ஊக்கம் அதிகம் சார்" என்றாள் டீச்சர். அதுவும் பொய்யில்லையே.

ஐந்தாவது வாரம் அந்த நெட்டையனே வந்தான்.

அவன் பட்டறையை விட்டுப் போய்விட்டதாக வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். கூடத்தின் வாசல்படியில் தயங்கித் தயங்கி நின்றான். கையில் பழைய துணியில் சுற்றிய ஏதோ ஒன்று. "அண்ணி" என்றான். "உங்க கத்தரிக்கோல் துருவேறிக் கிடந்துச்சு. சாணை பிடிச்சுக் கொண்டாந்தேன். அப்புறம்... உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் அண்ணி."

துணி வெட்ட முடியாதவளுக்குச் சாணை பிடித்த கத்தரிக்கோல்! இதைவிட ஒரு குத்தல் உண்டா? இடது கையால் எந்திரச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "போடா வெளிய! கெடந்தவள மனுஷியா நெனைக்காதவனுக்கு என்னடா அண்ணி? நீ கெடக்கும்போது பார்க்க ஒரு நாதி இருக்காதுடா!"

கூடமே திரும்பிப் பார்த்தது. பெஞ்சிலிருந்து வீட்டுக்காரர் ஓடிவந்தார். தம்பியின் தோளில் கை போட்டு, "வேணாம்டா, வா. இப்ப வேணாம்" என்று இழுத்துக்கொண்டு போனார். அண்ணன் அவன் காது உயரத்துக்கு எக்கி ஏதோ சொல்வதும், தம்பி தலையைத் தலையை ஆட்டுவதும் கண்ணாடி வழியே தெரிந்தது. கொழுந்தன் போய்விட்டான். கத்தரிக்கோல் வீட்டுக்காரர் கையில் இருந்தது.

அன்றைக்கு நீலக் கோடு முப்பத்தொன்று.

பத்தாவது வாரத்தில் அறை இரண்டு நொடியில் போய்ச் சேர்ந்தது. அதற்கு மேல் வேகம் கூட்டினால் மாப்பிள்ளை கீச்சென்று கத்திவிட்டு நின்றுவிடுவான். அவனுக்கென்று ஒரு வேக வரம்பு உண்டு. "என்னைவிட இவனுக்குத்தான் பயம் அதிகம்" என்பாள் அவள். பன்னிரண்டாவது வாரம் நீலம் ஐம்பத்தெட்டு. விரல்கள் பாதி விரிந்தன. பேச்சு முழுசாகத் திரும்பியிருந்தது, வசவு உட்பட. இன்னும் ஒரு மாதம் போனால் எந்திரம் இல்லாமலே கை மேலே போகும் என்றாள் டீச்சர். கத்தரியக்கா மனதுக்குள் நாள் குறித்துவிட்டாள். கொழுந்தன் இப்போது வேலை செய்கிற கடை எது என்றுகூட விசாரித்து வைத்திருந்தாள்.

அடுத்த கட்டத்துக்குப் போவதற்கு முன்னால் ஒரு சடங்கு உண்டு. ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று வீட்டு மனிதர்கள் சொன்ன விவரத்தை நோயாளியிடம் வாசித்துக் காட்ட வேண்டும். அன்றைக்குப் பேச்சில்லாமல் கிடந்தவர் இன்றைக்குப் பேசுகிறார் அல்லவா? ஒவ்வொரு வரிக்கும் அவர் சரி சொல்ல வேண்டும், தப்பிருந்தால் திருத்த வேண்டும். டீச்சருக்கு இது அரை மணி நேர வேலை. பெரும்பாலும் கொட்டாவி விட்டுக்கொண்டே செய்கிற வேலை.

அவளை எந்திரத்தில் கட்டி முடித்துவிட்டு, பழைய காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு வாசித்தாள். வயது, சரி. சர்க்கரை இல்லை, சரி. ரத்த அழுத்தம் உண்டு, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை.

"அதுவும் சரி" என்றாள் கத்தரியக்கா.

"பாதிப்ப முதல்ல பார்த்த நேரம், மத்தியானம் ஒண்ணரை. பார்த்தவர், கணவர்."

"தப்பு. கொழுந்தன்னு மாத்து. அவரு அப்ப ஊர்லயே இல்ல, விடுதிக்குப் போயிருந்தாரு."

டீச்சர் காகிதத்தை மறுபடி பார்த்தாள். "ஆம்புலன்ஸக் கூப்பிட்ட நேரம், சாயங்காலம் ஆறு பத்து. கூப்பிட்டவர், கணவரோட தம்பி."

"என்ன?"

"அப்படித்தான்க்கா எழுதியிருக்கு."

"யாரு சொல்லி எழுதுனது?"

டீச்சர் காகிதத்தைக் கீழே இறக்கினாள். வாசிக்க ஆரம்பித்ததை நிறுத்தலாமா என்று யோசித்தாள் போல. கத்தரியக்கா இடது கையை நீட்டினாள். காகிதம் அவள் கைக்கு வந்தது. தாமதத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில் யாரோ ஒரு நர்ஸ் அவசரமாக எழுதியிருந்தாள். எழுத்துக் கூட்டித்தான் படிக்க முடிந்தது, ஆனால் படிக்க முடிந்தது.

'கணவர் கூறியது: காலையில் சண்டை நடந்ததால் நடிக்கிறாள் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன். தம்பி வேலையாக விடுதிக்குப் போயிருந்தான். அவன் மாலையில் திரும்பி வந்து பார்த்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான்.'

கீழே வீட்டுக்காரரின் கையெழுத்து. துணிச் சுருள்களின் மேல் அடையாளத்துக்குப் போடுவாரே, கடைசி எழுத்தின் வாலில் அதே சுழி. ஊசி போடலாமா கூடாதா என்பது நேரத்தைப் பொறுத்தது என்று அன்றைக்கு டாக்டர்கள் துருவித் துருவிக் கேட்டிருப்பார்கள். மனுஷர் நடுங்கிப்போய் உண்மையைச் சொல்லியிருக்கிறார். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, அந்தக் காகிதத்திடம் மட்டும்.

அவள் அந்தக் குரலை மறுபடி எடுத்துக் கேட்டாள். எல்லாம் நடிப்பு, கிடக்கட்டும். மூன்று மாதமாக அந்தக் குரலுக்கு மேலே ஒரு நெட்டை உருவத்தை அவளாகவே ஒட்டிவைத்திருந்தாள். குரல் யாருடையதாகவும் இருக்கலாமே என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. தலையைக் குனிந்தாரே, அது தம்பியின் பாவத்துக்காக என்று நினைத்தாளே! சொல்ல வந்தவனைத் தோளில் கை போட்டு இழுத்துக்கொண்டு போனாரே! "நீ கெடக்கும்போது பார்க்க நாதி இருக்காது" என்று அந்தப் பிள்ளையைச் சபித்தாளே, கீழே கிடந்தவளைத் தூக்கியது அவன்தானே. கத்தரிக்கோலுக்குச் சாணை பிடித்துக் கொண்டுவந்தவன். அந்த வெட்கத்தில் அவள் முகம் எரிந்தது.

அப்புறம் மற்றது வந்தது. ஊட்டிய ஒவ்வொரு வாயும், போட்ட ஒவ்வொரு கோணல் பின்னலும், துடைத்த ஒவ்வொரு எச்சிலும் வரிசையாக வந்து நின்றன. அன்பா, பயமா, இரண்டும் சேர்ந்ததா? அவளால் பிரிக்க முடியவில்லை. பிரிக்க விருப்பமும் இல்லை. செய்ததைச் செய்துவிட்டு, பழியைக் கூடப் பிறந்தவன் தலையில் கட்டிவிட்டு, நல்லவர் என்ற பேரையும் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். மூன்று மாதம் அவளை ஆள் மாற்றி வெறுக்க வைத்தார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"அக்கா, இன்னைக்கு வேணாம். கட்ட அவுத்துடுறேன்" என்றாள் டீச்சர்.

"வேணாம். காகிதத்துல ஒண்ணையும் மாத்தாத. எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"சரிக்கா."

"அந்தத் திண்ட எறக்கு."

"கீழயா? எவ்வளவு?"

கத்தரியக்கா கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். வீட்டுக்காரர் தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு இவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருடம் கண்ணாலேயே அளந்து வெட்டியவள். நாடா தேவைப்படவில்லை.

"ஒரு ஜாண்."

டீச்சர் அவள் பார்வை போன திசையில் பார்த்தாள். போய்க் கம்பத்தின் திருகைத் தளர்த்தி, திண்டை ஒரு சாண் இறக்கி, திருகை இறுக்கினாள். இந்தப் புது உயரத்தைக் கணினியிலும் மாற்றினாள். காரணம் கேட்கிற கட்டத்தில் 'நோயாளியின் விருப்பம்' என்று எழுதினாள்.

கை எழுந்தது. எந்திரத்துக்குக் காத்திருக்காமல் எழுந்தது. தோள் திரும்பி, முழங்கை விரிந்து, உள்ளங்கை திண்டில் போய்ப் படாரென்று விழுந்த பிறகுதான் மாப்பிள்ளை கீச்சென்று கத்தினான். கம்பம் ஆடியது. திரையில் நீலக் கோடு எழுபத்துநான்கில் நின்றது.

அந்தச் சத்தம் கண்ணாடிக்கு வெளியேயும் கேட்டிருக்க வேண்டும். வீட்டுக்காரர் துள்ளி எழுந்தார். பாட்டிலைப் பெஞ்சில் போட்டுவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக, பக்கத்தில் இருந்தவர்களிடம் அவளைக் கை காட்டிக் காட்டிச் சொன்னார். பிறகு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கை தட்டினார்.

அவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னொரு தடவ போடு டீச்சர்" என்றாள்.